முழுசாகக் கட்டச் சொன்ன கார்டும் மிச்சம் வைக்கச் சொன்ன கார்டும்

1949ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா என்ற வியாபாரி சிலரை ஓட்டலுக்கு அழைத்துப் போனார். சாப்பிட்டு முடித்துப் பாக்கெட்டைத் தடவினால் பர்ஸ் இல்லை. மனைவி காசோடு வந்து மானத்தைக் காப்பாற்றினார். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் கார்டு. இந்தக் கதையை நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டிவிட்டவர் மேட்டி சிம்மன்ஸ், அந்தக் கார்டை வெளியிட்ட கம்பெனியின் விளம்பரக்காரர். பத்திரிகைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். (இதே சிம்மன்ஸ்தான் பின்னாளில் ‘அனிமல் ஹவுஸ்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைத் தயாரித்தார். கதை கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா?)

பொய் என்பதற்காக அந்தக் கதைமேல் எனக்குக் கோபமில்லை. கார்டு எதற்காகப் பிறந்தது என்பதை அது மறைத்துவிடுகிறது, அதுதான் வருத்தம். மெக்நமாரா பர்ஸை மறக்கிற அப்பாவி இல்லை. ஹாமில்டன் கிரெடிட் என்ற கடன் கம்பெனியை நடத்தியவர். கூட்டாளி ரால்ஃப் ஷ்னைடர் ஒரு வக்கீல். போர் முடிந்திருந்த அமெரிக்காவில், கம்பெனி விற்பனையாளர்கள் வாடிக்கையாளரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இறைச்சியும் மதுவும் வாங்கிக் கொடுத்து ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செலவைத் தொழில் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கு வேண்டும். சட்டைப் பையில் கசங்கிய ரசீதுகளுக்குப் பதிலாக, மாதம் ஒருமுறை எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரே பில் வந்தால் எப்படி இருக்கும்? 1950 பிப்ரவரியில், எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்த மேஜர்ஸ் கேபின் கிரில் ஓட்டலில் மெக்நமாரா முதல் கையெழுத்தைப் போட்டார். பெயர் டைனர்ஸ் கிளப். கார்டு வெறும் காகித அட்டை. முதலில் வைத்திருந்தவர்கள் சுமார் 200 பேர், பெரும்பாலும் தெரிந்தவர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் உறுப்பினர்கள் 20,000.

கணக்கு இப்படி. உறுப்பினர் 100 டாலருக்குச் சாப்பிட்டால், கிளப் ஓட்டல்காரருக்கு 93 டாலர் கொடுக்கும். உறுப்பினரிடம் மாத முடிவில் 100 டாலரையும் வாங்கிக்கொள்ளும். வட்டி என்ற பேச்சே கிடையாது. அந்த 7 டாலரும், ஆண்டுக்கு ஒருமுறை வாங்குகிற சிறு சந்தாவும்தான் கிளப்பின் வருமானம். எங்கள் தெரு மளிகைக் கடையில் நோட்டில் எழுதிவிட்டு, சம்பளம் வந்ததும் மொத்தமாகத் தீர்ப்போமே, அதன் நியூயார்க் பதிப்பு. உறுப்பினர் தாமதித்தால் கிளப்புக்கு லாபமில்லை, நஷ்டம். ஓட்டல்காரருக்குக் கொடுத்த பணம் அதன் கையிலிருந்து போயிருக்கிறது. ஆகவே பாக்கி வைப்பவர் கிளப்புக்கு வேண்டாதவர். சார்ஜ் கார்டு என்பது இவ்வளவுதான்: மாதம் முடிந்தால் முழுசாகக் கட்டு, இல்லாவிட்டால் கார்டைக் கொடு.

மெக்நமாராவுக்கே இதில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. 1952இல் தன் பங்கை 2 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போனார். 1957இல், நாற்பது வயதில், இறந்துபோனார். அடுத்த வருடம்தான் கார்டு வரலாற்றின் பெரிய வருடம்.

அந்த வருடத்துக்குப் போகுமுன் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். 1980களில் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலின் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவன். கார்டின் மேடெழுத்துகளை ஒரு இரும்புப் படுகையில் வைத்து, மூன்று தாள் ஸ்லிப்பை அதன்மேல் விரித்து, கைப்பிடியை அந்தக் கோடிக்குத் தள்ளி இந்தக் கோடிக்கு இழுத்தால், கார்பன் வழியே எண்ணும் பெயரும் பதியும். ஒரு தாள் விருந்தினருக்கு, ஒன்று ஓட்டலுக்கு, ஒன்று கார்டு கம்பெனிக்கு. விரல் நசுங்காத காசாளர் கிடையாது. கவுன்டருக்கு அடியில் பொடி எழுத்தில் அச்சிட்ட ஒரு புத்தகம் இருக்கும்; ஏற்கக் கூடாத கார்டு எண்களின் பட்டியல். ஸ்லிப்பில் கையெழுத்து வாங்குமுன் அதில் தேட வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேலே போனால் போன் போட்டு அனுமதி எண் வாங்க வேண்டும். அவசரத்தில் விமானம் பிடிக்க நிற்கிற வெள்ளைக்காரர் எதிரில், லைன் கிடைக்காமல் டயலைச் சுழற்றிக்கொண்டிருந்த எனக்கு அப்போது கார்டுமேல் அவ்வளவு மரியாதை இருந்ததில்லை.

எங்கள் முதலாளிக்கு அதுவும் இல்லை. “கொடுத்தா வாங்கிக்கோ. நீயா போய் ‘கார்டு இருக்கா சார்’னு கேக்காதே” என்பார். கமிஷன் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். மாதக் கடைசியில் கார்டுக் கம்பெனி பிடித்துக்கொண்ட தொகையை என்னிடம் கூட்டச் சொல்லி, கூட்டினது தப்பா என்று இன்னொரு தடவையும் கூட்டச் சொல்வார். ஒன்று மட்டும் அங்கே உட்கார்ந்திருந்த வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. என் கைக்கு வந்த எல்லாக் கார்டும் ஒரே அளவு, ஒரே ஸ்லிப், ஒரே கையெழுத்து. கவுன்டரில் வித்தியாசம் எதுவும் தெரியாது. மாத முடிவில் அவரவர் வீட்டுக்குப் போகிற உறைக்குள்தான் அது இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, இத்தனை வருடம் எதைத் தேய்த்தோம் என்று தேடிப் படித்தபோதுதான் அந்த உறை அமெரிக்காவில் ஃபிரெஸ்னோ என்ற ஊரில் பிறந்தது என்று அறிந்தேன்.

1958 அக்டோபர் 1 அன்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் கார்டை வெளியிட்டது. 1850இல் பார்சல் சுமக்கத் தொடங்கி, 1891இல் டிராவலர்ஸ் செக் கண்டுபிடித்த கம்பெனி அது. டைனர்ஸ் சந்தா 5 டாலர் என்றால் எங்களுடையது 6 என்று வேண்டுமென்றே ஒரு டாலர் கூட வைத்தார்கள். கூட விலை என்றால் கூட மதிப்பு. வெளியிடும் நாளிலேயே இரண்டரை லட்சம் பேரிடம் கார்டு இருந்தது. அடுத்த ஆண்டு காகிதத்தை விட்டு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஆனாலும் சில ஆண்டுகள் நஷ்டம்தான், காரணம் தாமதமாகக் கட்டுகிறவர்கள். ஜார்ஜ் வாட்டர்ஸ் என்பவர் பொறுப்பேற்று, சந்தாவை உயர்த்தி, பாக்கிக்காரர்களை நெருக்கிய பிறகுதான் லாபம் வந்தது. சார்ஜ் கார்டின் சுபாவமே அதுதான். அதன் உயிர் வசூலில் இருக்கிறது.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 18 அன்று, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்துத் தபால்காரர்கள் 60,000 உறைகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ‘பேங்க்அமெரிக்கார்டு’. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. அந்த ஊரில் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கார்டு தானாகப் போய்ச் சேர்ந்தது.

திட்டம் ஜோ வில்லியம்ஸ் என்ற அதிகாரியுடையது. இதில் ஒரு முட்டை-கோழிச் சிக்கல் உண்டு. கார்டு வைத்திருப்பவர்கள் இல்லாமல் கடைக்காரர் சேரமாட்டார். கடைகள் இல்லாமல் மக்கள் கார்டு வாங்கமாட்டார்கள். டைனர்ஸ் அதை மெல்ல மெல்ல, ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கித் தீர்த்தது. வில்லியம்ஸ் ஒரே நாளில் தீர்த்தார். 60,000 பேரிடம் கார்டு இருக்கப்போகிறது என்று சொல்லி, முன்கூட்டியே 300க்கும் மேற்பட்ட கடைகளைச் சேர்த்துவிட்டார். பெரிய பல்பொருள் அங்காடிகளுக்குச் சொந்தக் கணக்கு முறை இருந்தது, அவர்கள் வரவில்லை. வந்தவர்கள் சிறு கடைக்காரர்கள். மருந்துக் கடை, துணிக் கடை போன்றவர்கள். வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து, பில் எழுதி, நடந்து வசூலித்து அலுத்தவர்கள். 6 சதவீதம் கமிஷன் அவர்களுக்குப் பாரமாகத் தெரியவில்லை. எங்கள் முதலாளி அங்கே பிறக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் வில்லியம்ஸ் செய்த உண்மையான புதுமை தபாலில் இல்லை, கணக்கில். 300 டாலர், 500 டாலர் என்று ஒரு வரம்பு. மாத முடிவில் முழுசாகக் கட்டலாம். கட்டினால் வட்டி இல்லை. இல்லாவிட்டால் கொஞ்சம் மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். தள்ளினதற்கு மாதம் ஒன்றரை சதவீதம், ஆண்டுக்கு 18. இந்தத் தவணைக் கணக்கு அமெரிக்கக் கடைகள் சிலவற்றில் முன்பே உண்டு. ஒரு பெரிய வங்கி அதை எந்தக் கடையிலும் செல்லுபடியாகும் கார்டில் கட்டிக்கொடுத்தது அப்போதுதான். டைனர்ஸுக்கு எதிரியாக இருந்த பாக்கிக்காரர் இங்கே வாடிக்கையாளர் ஆனார். சார்ஜ் கார்டுக்காரனின் லாபம் கடைக்காரனிடம்; கிரெடிட் கார்டுக்காரனின் பெரிய லாபம், பாக்கி வைக்கிறவரிடம். இரண்டு கார்டையும் பிரிக்கிற கோடு இதுதான். ‘வரம்பு இல்லை’, ‘புள்ளிகள் கிடைக்கும்’, ‘லவுஞ்சில் காபி’ என்று மீதி எல்லாம் அலங்காரம்.

முதல் பதினைந்து மாதம் வில்லியம்ஸை அழித்தது. போட்டி வங்கி ஒன்று கார்டு விடப்போகிறது என்று வதந்தி வர, சோதனையை முடிக்காமலே கலிஃபோர்னியா முழுக்கத் தபால் பறந்தது. பதின்மூன்று மாதத்தில் 20 லட்சம் கார்டு. திருடர்கள் தபால் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். தவறுகிறவர்கள் 4 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 22 சதவீதம். வங்கியின் கணக்கில் நஷ்டம் 88 லட்சம் டாலர். விளம்பரத்தையும் மற்றச் செலவையும் சேர்த்தால் 2 கோடி வரை போகும் என்பார்கள். 1959 டிசம்பரில் வில்லியம்ஸ் வெளியேறினார். அதே 1958இல் இறங்கிய நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, 1962இல் கையைக் கழுவிக்கொண்டது.

பேங்க் ஆஃப் அமெரிக்கா கழுவவில்லை. வசூல் துறை அமைத்து, திருட்டைக் கட்டுப்படுத்தி, 1961இல் லாபத்துக்கு வந்தது. வந்ததும் என்ன செய்தது? வாயை மூடிக்கொண்டது. எல்லோரும் அது இன்னும் நஷ்டத்தில் தத்தளிக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க, கலிஃபோர்னியாவில் தனியாக அறுவடை செய்தது. நான் படித்ததில் மிகவும் பிடித்த இடம் இது. லாபத்தை விளம்பரப்படுத்தாத வங்கியை வேறெங்கும் பார்த்ததில்லை. 1966இல்தான் பிற மாநில வங்கிகளுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் சிகாகோ வங்கிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு 50 லட்சம் கார்டுகளை வீசின. ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து கார்டு போனது. குழந்தை பெயருக்கும் நாய் பெயருக்கும்கூடப் போனது. கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று 1970இல் சட்டம் வந்தது. அதற்குள் அனுப்ப வேண்டியதெல்லாம் அனுப்பியாகிவிட்டது. 1976இல் பேங்க்அமெரிக்கார்டு ‘விசா’ ஆனது.

இதற்குள் ஒரு தடை மிச்சமிருந்தது. அமெரிக்க மாநிலங்களில் வட்டிக்கு உச்சவரம்பு இருந்தது. 1970களின் பணவீக்கத்தில் வங்கிகளே அதிக வட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டிருக்க, நியூயார்க்கின் சிட்டி பேங்குக்குக் கார்டில் நஷ்டம் கொட்டிக்கொண்டிருந்தது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்க்கெட் (Marquette) என்ற வங்கியின் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது: வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்து வட்டியை நாடெங்கும் வாங்கலாம். உடனே வரம்பில்லாத ஊர் எது என்று தேடல். வேலையில்லாமல் தவித்த தெற்கு டகோட்டா மாநிலம் 1980இல் வரம்பை எடுத்துவிட்டு, வாருங்கள் என்றது. 1981இல் சிட்டி பேங்க் தன் கார்டு வேலையை அங்கே சியூ ஃபால்ஸுக்குக் கொண்டுபோனது. நியூயார்க்காரர் மாதாமாதம் கட்டுகிற வட்டியை நிர்ணயித்தது, அவர் கண்ணால் பார்த்திராத மாநிலத்தின் சட்டம்.

இதற்குப் பிறகு சார்ஜ் கார்டுக்கு மூச்சு வாங்கியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸே தாங்காமல் 1987இல் ‘ஆப்டிமா’ என்று பாக்கி வைக்கிற கார்டு ஒன்றை விட்டது. முப்பது வருடமாக ‘முழுசாகக் கட்டு’ என்று மட்டுமே சொல்லிப் பழகியவர்கள்; யாரிடம் பாக்கி விடலாம், யாரிடம் விடக் கூடாது என்ற அனுபவம் அவர்களுக்கு இல்லை. 1991இல் அந்தக் கார்டில் பலமாக அடிபட்டார்கள். கம்பெனிச் செலவை நேர்மையாகக் கட்டுகிற மனிதர், சொந்தச் செலவிலும் அப்படியே இருப்பார் என்று கணித்ததுதான் தவறு. அதே 1991இல் பாஸ்டன் நகர ஓட்டல்காரர்கள், விசாவைவிட அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அதிகக் கமிஷன் பிடிக்கிறது என்று கலகம் செய்தார்கள். 1773இல் அந்த ஊர் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டிய ‘டீ பார்ட்டி’யை நினைவுபடுத்த, இதற்கு ‘ஃபீ பார்ட்டி’ என்று பெயர். வட்டி வாங்காத கார்டு கடைக்காரரிடம்தான் அதிகம் கேட்க முடியும்; அதற்கு வேறு வழி இல்லை. பாஸ்டன் கலகத்தைப் படித்தபோது எங்கள் முதலாளி முகம்தான் கண்ணில் நின்றது.

இந்தியாவுக்கு முதலில் வந்ததும் சார்ஜ் கார்டுதான். 1961இல் காளி மோடி என்பவர் டைனர்ஸ் கிளப்பைக் கொண்டுவந்தார். 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவும், 1981இல் ஆந்திரா பேங்கும் கார்டு விட்டன. 1990இல் சிட்டி பேங்க் இங்கே டைனர்ஸை வாங்கிக்கொண்டது. அதன் கார்டு அலுவலகம் நம் மவுண்ட் ரோட்டை ஒட்டிய கிளப் ஹவுஸ் ரோட்டில் இருந்தது. பிறகு டைனர்ஸ் பெயர் எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு வந்தது. அந்த வங்கியின் கார்டு பிரிவின் முகவரியும் சென்னையே, திருவான்மியூர் லாட்டிஸ் பிரிட்ஜ் ரோடு. வட்டியே வேண்டாமென்று நியூயார்க்கில் பிறந்த பெயர், இன்று அந்தக் கார்டில் பாக்கி வைத்தால் வட்டி போடுகிறது.

என் அண்ணன் மகன் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். போன வருடம் ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“சித்தப்பா, மினிமம் டியூ கரெக்டா கட்டிட்டேன். அப்புறம் எதுக்கு வட்டி?”

“மினிமம்னா என்னன்னு நெனச்சே?”

“கட்டவேண்டியதுல குறைஞ்சபட்சம். அதைக் கட்டினா போதும்னுதானே அர்த்தம்?”

எடுத்துக்காட்டுக்கு 50,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொண்டு அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 சதவீதம் மினிமம் என்றால் 2,500. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 1,750. வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 315. ஆக 2,065 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். கடனில் குறைந்தது 435 ரூபாய். போதாததற்கு, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்குகிற பால் பாக்கெட்டுக்கும் வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும். நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லை என்ற சலுகை முழுசாகக் கட்டுகிறவருக்குத்தான். மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வசூல்காரர் போன் வராது. அதற்குமேல் அது எதையும் தடுக்காது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ சார்ஜ் கார்டே வாங்கிக்கறேன்” என்றான். அவனுக்கு அது தேவையில்லை. கிரெடிட் கார்டை மாதாமாதம் முழுசாகத் தீர்த்தால் அதுவே சார்ஜ் கார்டுதான், வருடச் சந்தாவும் குறைவு. வித்தியாசம் ஒன்றே: சார்ஜ் கார்டில் தவறினால் கம்பெனி கோபப்படும். கிரெடிட் கார்டில் தவறினால் யாரும் கோபப்படமாட்டார்கள்.

2022இல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கு விதிகள் தொகுத்தது. கேட்காமல் கார்டு அனுப்பி அதற்குக் கட்டணமும் போட்டால், கட்டணத்தைத் திருப்புவதோடு அதில் இரட்டிப்புத் தொகையை அபராதமாகக் கொடுக்க வேண்டும்; ஃபிரெஸ்னோவுக்கு அறுபத்துநாலு வருடம் கழித்து. மினிமம் மட்டுமே கட்டினால் கடன் தீரப் பல மாதம், பல வருடம் ஆகும் என்ற எச்சரிக்கையையும் அச்சிடச் சொன்னது. ஆனால் வட்டிக்கு எண் எதுவும் வைக்கவில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்ததை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வட்டி விஷயம் வங்கிக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையிலானது என்றாகிவிட்டது. நாமும் தெற்கு டகோட்டாவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

எனவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கார்டுக்கு ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். அதில் ‘மினிமம் டியூ’, ‘டோட்டல் டியூ’ என்று இரண்டு கட்டம் இருக்கும். பதிவு செய்யும்போது அவசரத்தில் எதைத் தொட்டோம் என்று பலருக்கு நினைவிருக்காது. மினிமத்தில் இருந்தால் இன்றைக்கே டோட்டலுக்கு மாற்றிவிடுங்கள்.